லேப்டாப்புக்குச் சந்தனம்

பட்டனை அழுத்துகிறேன், ஒன்றும் இல்லை. விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துகிறேன், அப்போதும் இல்லை, விரல் நுனியில் மட்டும் என்னவோ பிசுக்கென்று ஒட்டிக்கொண்டு வருகிறது. மூக்கருகே கொண்டுபோனால் சந்தனம். நேற்று சாயங்காலம் வைத்து, ராத்திரியெல்லாம் காய்ந்து, ஓரம் வெடித்து, நடுவில் மட்டும் ஈரம் போகாமல் கிடக்கிற சந்தனம், அதன் மேலே குங்குமம், குங்குமத்தின் மேலே ஒரு எறும்பு. கருமம். இத்தனை பெரிய லேப்டாப்பில் பொட்டு வைக்க வேறு இடமா இல்லை, மூடி இருக்கிறது, ஓரம் இருக்கிறது, தேடிக் கண்டுபிடித்து ஸ்டார்ட் பட்டன் மேலேயே வைத்திருக்கிறார் என் மாமனார். லேத்துக்கு அப்படித்தானே வைப்பார், பச்சை சுவிட்சு மேலே ஒன்று, சிவப்பு சுவிட்சு மேலே ஒன்று. கணபதி ஏரியாவில் காலங்காலமாக லேத் பட்டறை வைத்திருக்கிற நாச்சிமுத்துவுக்குக் கரண்டில் ஓடுகிற எல்லாமே லேத்துதான். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் பூசணி உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஹாலில் பலகை போட்டு, ஸ்பானர், வெர்னியர், ட்ரில் பிட்டு, என் பெண்டாட்டி கௌசல்யாவின் தையல் மிஷின் என்று வரிசையாக வைத்தவர், நான் குளிக்கப் போன நேரம் பார்த்து என் அறையிலிருந்து இதையும் தூக்கிக்கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டார். தலையைத் துவட்டிக்கொண்டு நான் வரும்போது மூடியைத் திறந்துவைத்து மாவிலையால் மஞ்சத்தண்ணி தெளித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு மாப்ளைக்கு இண்டர்வியூ இருக்குதுங்ளே, அதுதானுங்" என்று சிரித்தார். சிரிக்கும்போது அவருடைய பல்செட் ஒரு நூல் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறியது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நானும் சிரித்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போடாமல் எடுக்கக்கூடாதாம், அதனால் பொரியையும் வெல்லத்தையும் தலையில் சுமந்துகொண்டு ராத்திரி முழுக்க இது ஹாலிலேயே கிடந்தது. காலையில் எடுக்கப் போனால் "ஒரு நிமிசமுங் மாப்ள" என்று ஓடிவந்து, இதற்கு மட்டும் தனியாகச் சூடம் காட்டி, "இப்ப எடுத்துக்குங், செயிச்சுப்போடுவீங்" என்றார். செயிக்கிறதாவது. பதினோரு மணிக்கு மஸ்கட்டிலிருந்து கூப்பிடுவார்கள். பைப் வரைபடம் போடுகிற கம்பெனி. மூஞ்சியைப் பார்த்துப் பேசுவதோடு முடியாது, ஒரு படத்தைக் கொடுப்பார்கள், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்ட வேண்டும். செல்போனில் ஆகாத காரியம். இன்றைக்கு விஜயதசமி, ஊரில் ஒரு கடை திறந்திருக்காது, திறந்திருந்தாலும் அங்கே இந்த சாஃப்ட்வேர் இருக்காது. ஆக, இது எழுந்தால் மஸ்கட், எழாவிட்டால் மாமனார் வீடு. சார்ஜரைப் பிடுங்கிச் சொருகுகிறேன், சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு பட்டனை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே மிச்சமிருக்கிற கரண்ட் எல்லாம் இறங்கட்டும் என்று, அப்படிச் செய்தால் சரியாகும் என்று முன்பு ஆபீசில் ஒருவன் சொல்வான். பேட்டரியை மாட்டி மறுபடி அழுத்தினால் சின்ன விளக்கு ஒன்று கண்ணைச் சிமிட்டுகிறது, அவ்வளவுதான், திரை கருப்பு. கருப்பில் என் மூஞ்சி தெரிகிறது. மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, இன்னும் ஷேவ் பண்ணாத தாடையில் நரை, கீழே லுங்கி. கேமராவுக்கு இடுப்புக்கு மேலேதானே தெரியும் என்று கௌசல்யா சட்டையை மட்டும் தேய்த்துக் கொடுத்தாள். பாதி மனுஷன் வேலைக்குத் தயார், மீதிப் பாதி வீட்டில் படுத்துக் கிடக்கிறான். எனக்கு என் மூஞ்சியே பிடிக்கவில்லை, மூடியைச் சாய்த்துவிட்டேன்.

ஹாலில் பொரி மெல்கிற சத்தம். நறுக் என்று ஒரு கடி, பிறகு பல்செட் ஈறோடு ஒட்டிப் பிரிகிற ஒரு சளப், பிறகு நறுக். இந்தச் சத்தத்தை நான் ரெண்டு வருஷமாகக் கேட்கிறேன். ரெண்டு மாசம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம், நான் இருந்த பம்பு கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள், வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டு, வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் இங்கே இருந்துகொள்ளலாம் என்று கௌசல்யாதான் சொன்னாள். மாமனார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னங் மாப்ள இப்படியே உக்காந்துட்டிருந்தா எப்படி என்று கேட்டிருந்தால் அவரோடு சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருப்பேன். கேட்கவே மாட்டார். வந்தவர் போனவரிடமெல்லாம் "மாப்ள வீட்ல இருந்தே கம்பெனி வேலை பாக்கறாப்டிங், இப்பல்லாம் அப்படித்தானுங்ளே" என்று நான் கேட்காத பொய்யை எனக்காகச் சொல்வார். சொல்லிவிட்டு என் அறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்துக்கொள்வார், உள்ளே ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரி. உள்ளே நான் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, யாரோ ஊர் பேர் தெரியாதவன் குளத்தில் மீன் பிடிப்பதை செல்போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். தட்டில் முதல் தோசை எனக்குத்தான் வரும். முறுகலாக இருக்கிறதும் எனக்குத்தான். அந்த முறுகல் தோசையை விழுங்கும்போது தொண்டையில் ஒரு எரிச்சல் ஏறும் பாருங்கள், அதை யாரிடம் போய்ச் சொல்வது. இந்த மனுஷனுடைய நல்லதனத்தைப்போல அருவருப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. எதிர்த்துப் பேசவும் முடியாது.

திருப்பிப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்றுகிறேன், அவருடைய சின்ன ஸ்க்ரூ டிரைவர்தான், இதற்கும் பிடியில் ஒரு பொட்டு. பின்மூடி வரமாட்டேன் என்கிறது, நகத்தைக் கொடுத்து நெம்பினால் டக்கென்று விட்டுக்கொண்டு வருகிறது, வந்ததும் உள்ளிருந்து ஒரு வாடை. பழைய தலையணை வாடை. தூ. விசிறியைச் சுற்றி சாம்பல் நிறத்தில் கம்பளிமாதிரி தூசி, பிய்த்தால் ஒரே துண்டாக வருகிறது, அதில் முடி சுற்றிக் கிடக்கிறது. கௌசல்யா முடி இல்லை, குட்டை முடி, என்னுடையது. பொடுகு. நகத்துணுக்கு ஒன்று. அட, நகத்துணுக்கு. முறுக்குத் தூள், எப்போதோ தின்ற கடலைத்தோல், அதற்கடியில் ஒரு கரப்பான், செத்துக் காய்ந்து, மீசை மட்டும் உடையாமல். பக்கத்தில் பழுப்பு நிறத்தில் அதன் முட்டைக்கூடு ஒட்டியிருக்கிறது, சூட்டுக்காக வந்து குடித்தனம் பண்ணியிருக்கிறது சனியன், வாடகை இல்லாமல், ஒரு வேலையும் செய்யாமல். இதன் மேலேதான் நான் கையை வைத்துக்கொண்டிருந்தேன், இதே கையால்தான் சாப்பிட்டேன். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டேன், பார்க்காதமாதிரி கண் அதைத் தாண்டிப் போகப் பார்க்கிறது, மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது. ஈரம் இல்லை. மஞ்சத்தண்ணி ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. விரலால் தடவிப் பார்க்கிறேன், டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றிப் பார்க்கிறேன், மஞ்சள் ஏறவில்லை. கீபோர்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கிறது, எல்லாம் அதன் மேலேயே நின்று காய்ந்துவிட்டது. எறும்பும் வெல்லத்துக்காக மேலேதான் சுற்றுகிறது. அப்படியானால் இது நேற்று சாகவில்லை. இதை நான் கடைசியாக எப்போது ஆன் பண்ணினேன். போன மாசமா, அதற்கு முந்தின மாசமா. கதவைச் சாத்திக்கொண்டு பிராக்டீஸ் பண்ணுகிறேன் என்று சொன்ன நாளெல்லாம் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லையே.

"ஏனுங்க" என்று கௌசல்யா காபியோடு வருகிறாள். பிரித்துப் போட்டதைப் பார்த்து அவள் முகம் மாறுகிறது, மாறியதை எனக்குக் காட்டாமல் டம்ளரை ஜன்னல் திட்டில் வைக்கிறாள். "ஆகுமுங்களா?" ஆகும், ஆகும், போ என்கிறேன். "அவங்களுக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லீரலாமுங்களா, சாயங்காலம் வெச்சுக்கச் சொல்லி?" உங்க அப்பா மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டாருன்னு மஸ்கட்காரன்கிட்டச் சொல்லட்டுமா என்று எரிந்து விழுகிறேன். இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம், ஆனால் வாயில் அதுதான் முதலில் வந்தது, முட்டைக்கூடு கண்முன்னாலும் முடி கையிலும் இருக்கும்போதே அது எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது. அவளுக்கும் இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் போன பெண் அப்பா வீட்டில் ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கிறாள், அந்த ஒரு நொடியை நான் தினம் பார்க்கிறேன். மஸ்கட் என்றதும் அவள் யாரிடமோ கேட்டு அங்கே வாடகை எவ்வளவு, பருப்பு கிடைக்குமா என்றெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள். பாவி, பருப்புவரைக்கும் போய்விட்டாள். "உன் ஹேர் டிரையரை எடுத்துட்டு வா" என்றேன். எடுத்து வந்து கொடுத்துவிட்டு, "பயப்படாதீங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனாள். காபியில் ஆடை படிந்துவிட்டது. டம்ளரை எட்டத் தள்ளிவைத்தேன்.

உங்களுக்குத் தெரியாததா. அதுதான் தெரியாது. பம்பு கம்பெனியில் நான் போட்டதெல்லாம் தட்டைப் படம், மேலிருந்து, பக்கத்திலிருந்து, குறுக்கே வெட்டி. அதில் என்னை யாரும் அசைக்க முடியாது. இவர்களுக்கு வேண்டியது த்ரீ-டி, பைப்பை முழுசாக நிறுத்தி, சுற்றிச் சுற்றிக் காட்டுகிற சமாச்சாரம். பயோடேட்டாவில் நன்றாகத் தெரியும் என்று போட்டிருக்கிறேன். அனுபவம் என்கிற இடத்தில் ஒரு நல்ல நம்பரும் போட்டேன். கற்றுக்கொண்டுவிடலாம் என்றுதான் போட்டேன், மூன்று மாசம் இருக்கிறதே என்று. முதல் வாரம் உட்கார்ந்தேன், ஒரு வளைவைத் திருப்பப் போனால் பைப் முழுக்கத் தலைகீழாக நின்றது, மூடி வைத்தேன், அப்புறம் மீன் பிடிக்கிறவன். போன தடவை பெங்களூர்க்காரன் இண்டர்வியூ வைத்தான், சின்னப்பையன், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, எதையோ மென்றுகொண்டு, சார் சார் என்றே கேட்டான். ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க சார். என் அம்புக்குறி திரையில் நடுங்கியது. கை நடுங்குவதைக்கூட மறைத்துவிடலாம், அம்புக்குறி நடுங்குவதை எப்படி மறைப்பது, அவன் திரையில் பெரிதாகத் தெரிந்திருக்கும். பரவாயில்ல சார், டைம் எடுத்துக்கங்க சார் என்றான். அந்தப் பரவாயில்ல இன்னும் என் காதுக்குள் புழுமாதிரி கிடக்கிறது. குளிக்கும்போது வரும், தோசை விழுங்கும்போது வரும். இன்றைக்கும் ஒருவன் சொல்வான், இங்கிலீஷில் சொல்வான், பக்கத்து அறையில் கௌசல்யா கேட்டுக்கொண்டிருப்பாள், மாமனார் பொரி மெல்வதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். முதல் தடவை பட்டனை அழுத்தி ஒன்றும் வராதபோது எனக்கு என்ன தோன்றியது. பதறினேன், அது உண்மைதான், ஆனால் அந்தப் பதற்றத்துக்கு அடியில், வயிற்றுக்குள், இளநீர் குடித்தமாதிரி ஒரு குளிர்ச்சி இறங்கியது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. இப்போதும் கண்டுகொள்ளக்கூடாது என்றுதான் இந்த முடியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"மாப்ள, டார்ச் புடிக்கட்டுங்களா?" கேட்டுக்கொண்டே வந்துவிட்டார், கையில் பட்டறை டார்ச். மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், ரேம் என்பார்கள், இது சரியாக உட்காராவிட்டால் லேப்டாப் எழாது, விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, அதன் விளிம்பில் பொன் நிறத்தில் பல் பல்லாக இருக்க வேண்டும், இருப்பதோ களிம்பேறிக் கறுத்துக் கிடக்கிறது. ரப்பரால் தேய்த்தால் போகும். பென்சில் ரப்பர் தேடினேன், கிடைத்தது, தேய்க்கிறேன், அவர் குனிந்து வெளிச்சம் பிடிக்கிறார். அவருடைய மூச்சு என் கழுத்தில் படுகிறது, பொரி வாசம், அதற்கடியில் பல்செட் ஊறவைக்கிற தண்ணி வாசம். டார்ச் ஆடுகிறது. வயசு நடுக்கம்தான், ஆனால் வெளிச்சம் போர்டின் மேல் ஓடியோடிக் கரப்பான் மேலேயே போய் நிற்கிறது. "ஐயே, இது எப்ப உள்ள போச்சுங்?" என்று தன் வெறும் விரலால் அதை எடுத்து, முட்டைக்கூட்டையும் நகத்தால் சுரண்டி எடுத்து, வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டார். என் அழுக்கை அவர் மடியில் கட்டிக்கொண்டு நிற்கிறார், முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. கொஞ்சம் சுளித்தால்தான் என்ன. பிறகு மெதுவாக, "தண்ணி தெளிச்சது தப்புங்களா மாப்ள?" என்று கேட்டார். ராத்திரியே இதை யோசித்துத் தூங்காமல் இருந்திருப்பாரோ என்னவோ, கண் சிவந்திருந்தது. இல்லீங் மாமா, உள்ளே ஒரு சொட்டு இல்லீங், பாருங், காஞ்சு கெடக்குது என்று சொல்ல வேண்டியதுதானே. சொல்ல எவ்வளவு நேரமாகும். "பாக்கலாமுங் மாமா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, டார்ச்சை என் பக்கத்தில் வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கதவிடுக்கில் அவருடைய குதிகால் வெடிப்பு தெரிந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

மெமரி கார்டைத் தள்ளி உட்காரவைத்தேன், கிளிக்கென்று விழுந்தது. ஹேர் டிரையரால் தூசியை ஊதினேன், முடியெல்லாம் பறந்து என் நீலச் சட்டையிலேயே வந்து ஒட்டியது. மூடியை மாட்டி, ஸ்க்ரூ போடாமல், திருப்பி வைத்து, பட்டன் மேலிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு அழுத்தினேன். விளக்கு எரிந்தது. விசிறி கரகரவென்று சுற்றியது, ஒரு முறை நின்று, மறுபடி சுற்றியது. திரை சாம்பலாக வெளுத்து, நடுவில் லேப்டாப் கம்பெனியின் முத்திரை வந்தது. வந்துவிட்டது. பாஸ்வேர்ட் கேட்டது, கை தானாகவே அடித்தது. மஞ்சள் படிந்த கீபோர்டுக் கட்டைகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு எழுந்தன, ஆனால் எல்லாம் வேலை செய்தன. என் பழைய படங்கள், ஓரத்தில் அந்த த்ரீ-டி சாஃப்ட்வேரின் சின்னம், கீழே மூலையில் மஸ்கட்டிலிருந்து வந்த மெயில், இதை அழுத்தினால் நேராக அவர்கள் முன்னால் போய் நிற்கலாம். பதினோரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வயிற்றிலிருந்த குளிர்ச்சி போய், அங்கிருந்து சூடாக, புளிப்பாக ஒன்று நெஞ்சுக்கு ஏறி வந்தது. அம்புக்குறியைப் பார்த்தேன், நான் கையே வைக்கவில்லை, அது ஆடாமல்தான் இருந்தது, எனக்குத்தான் ஆடுகிறமாதிரி இருந்தது. அடுப்படியில் குக்கர் சத்தம், கௌசல்யாவுக்கு விசிறிச் சத்தம் கேட்டிருக்காது. மாமனாருக்குக் காது பாதிதான். யாருக்கும் தெரியாது. இது எழுந்தது இந்த அறைக்குள் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். சீ, என்ன யோசனை இது, உட்கார், சட்டையில் இருக்கிற முடியைத் தட்டிவிடு, அழுத்து. தட்டிவிட்டேன். உட்கார்ந்தேன். மெயிலுக்குப் போக வேண்டிய விரல் பட்டனுக்குப் போனது. அழுத்தினால் உடனே அணைந்துவிடாது, விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், எடுத்துவிடலாம் என்றால் எடுத்துவிடுகிற அளவுக்கு அது நேரம் கொடுக்கிறது. நான் எடுக்கவில்லை. திரை பொட்டென்று இருண்டது, விசிறி நின்றது. பின்மூடியைக் கழற்றி மெமரி கார்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், யாராவது அழுத்திப் பார்த்துவிட்டால். அதுவரைக்கும் யோசித்திருக்கிறேன்.

"மாமா" என்று கூப்பிட்டேன். குரல் நன்றாகத்தான் வந்தது. ரெண்டு பேரும் வந்தார்கள். "தண்ணி உள்ள எறங்கிருச்சு போலிருக்குங் மாமா. போர்டே போயிருச்சுங்" என்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கௌசல்யா முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவள் அப்பாவிடம் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. "உங்கள யாருப்பா அத எடுக்கச் சொன்னது? அதென்ன உங்க பட்டறைச் சாமானா? மூணு மாசமாக் கதவச் சாத்திக்கிட்டுப் படிச்சாருப்பா அவரு" என்றாள், சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியாமப் பண்ணிப்போட்டேன் அம்மணி" என்றார் அவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பல்செட் ஆடியது. நான் எழுந்தேன், எழுந்து நடுவில் போய் நின்று, "விடு கௌசல்யா. பெரியவங்க நம்ம நல்லதுக்குத்தான் பண்ணுனாங்க, அவங்களப் போயிப் பேசறியே" என்றேன். என் வாயா இது. எவ்வளவு பதமாக, எவ்வளவு பெருந்தன்மையாக வருகிறது. அவர் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார், நகத்திலெல்லாம் நேற்றைய மஞ்சள், உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. "தங்கமான மனசுங் மாப்ள உங்களுக்கு. உங்க எடத்துல வேற ஆளு இருந்தா என்னை வெட்டிப்போட்டிருப்பாங்" என்று சொல்லிக் கண்ணைத் துடைக்காமலே நின்றார். அவராக விடுகிற வரைக்கும் நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. விட்ட பிறகு கௌசல்யாவிடம் இட்லி எடுத்துவைக்கச் சொன்னேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, நல்ல பசி.